வரிசையில் நின்ற ரிப்போர்ட்

குமாரதாஸ் மறுபடியும் ஜன்னலில் தலையை நீட்டினார். “மக்கா, பேப்பர் வந்துட்டா? ஆஸ்பத்திரியில டாக்டரு போயிருவாரு.”

“பிரிண்டரு கேடாயிட்டு மாமா. இப்ப சரியாவும்,” என்றாள் ஷிபா.

தக்கலையில் அந்த ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டுகளை அச்செடுத்துக் கொடுப்பது அவள் வேலை. நாகர்கோவிலில் இருக்கும் வேறொரு டாக்டர் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதி ஈமெயிலில் அனுப்புவார். இன்று பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் வெளியே வரவேற்பறையில் இருந்த பிரிண்டர் அசையவில்லை. திரையில் குமாரதாஸின் மனைவி செல்லக்கனியின் பெயர். கடைசிப் பத்தியை ஷிபா படித்திருந்தாள். படிக்கலாம், சொல்லக்கூடாது. சில ஆங்கிலச் சொற்களுக்கு இப்போதெல்லாம் அவளுக்கு அகராதி வேண்டியதில்லை. புற்று கல்லீரல் வரைக்கும் போயிருந்தது.

வெளியே பெஞ்சில் செல்லக்கனி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்கேனுக்காகக் காலையிலிருந்து வெறும் வயிறு. இரண்டு சுளைகளைப் பிய்த்து முதலில் கணவரிடம்தான் நீட்டினாள்.

ஷிபா, சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் ஆன்றோவைப் போனில் பிடித்தாள்.

“பிரிண்டருக்கு லைன் போவுதான்னு பிங் அடிச்சியா?”

“அடிச்சேன். பதில் வருது.”

“அப்ப லைன் சரி. பிரிண்டரு எப்படி இருக்குன்னு lpstat -p அடிச்சுப் பாரு.”

கறுப்புத் திரையில் தட்டினாள். “டிசேபிள்டுன்னு காட்டுது.”

“பேப்பர் சிக்கிச்சுன்னா அது தானா நின்னுக்கிடும். cupsenable அடிச்சு பிரிண்டர் பேரக் குடு. ஓடும்.”

தட்டினாள். எண்டரை மட்டும் அழுத்தவில்லை. இப்படியே விட்டால் டாக்டர் கிளம்பிவிடுவார். இவர்கள் இரணியலுக்குப் பஸ் ஏறுவார்கள், வீட்டில் மீன்குழம்பு வைப்பார்கள், தூங்குவார்கள். நாளைக்கு?

“நீ பாத்திருப்பியே மக்கா,” குமாரதாஸின் குரல் தாழ்ந்தது. “கொழப்பமொண்ணும் இல்லல்லா?”

“டாக்டருதான் மாமா சொல்லணும்.”

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷிபா குனிந்து எண்டரை அழுத்தினாள்.

வெளியே பிரிண்டர் இருமிக்கொண்டு எழுந்தது. ஒரு தாள் வந்தது. பின்னால் அதே ரிப்போர்ட் இன்னொன்று. பொத்தானை அவள் அழுத்திய ஒவ்வொரு முறையும் வரிசையில் காத்துக் கிடந்திருக்கிறது. ரத்து செய்யும் கட்டளையை அவசரமாகத் தட்டினாள். ஓர் எழுத்து தவறிற்று. திரை, அப்படியொரு கட்டளையே இல்லை என்றது.

“இவ்வளவும் எங்களுக்கா மக்கா?”

குமாரதாஸ் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் பிசகாமல் நெஞ்சோடு தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். செல்லக்கனி ஆரஞ்சு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அடுத்த தாளை வாங்க எழுந்து வந்தாள்.