டவாலி வேலை வேண்டாம் சார்

கெம்பம்மாவின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், கண்ணுகளா. அஞ்செட்டிக்கு அப்பால், எதிர்ச்சரிவில் மேய்கிற மாட்டை இந்தச் சரிவில் நின்றபடியே வீட்டுக்குத் திருப்பிய தொண்டை அது. ஓசூர்ப் பக்கத்துச் சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷமே அந்தத் தொண்டைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் நடத்துவார்கள். மாணவர்களே வக்கீல், மாணவர்களே சாட்சி, ஆசிரியர்தான் நீதிபதி. வாசலில் நின்று வழக்குக்காரர் பேரை மூன்று தரம் கூவ ஒரு டவாலி வேண்டுமே? கெம்பம்மாவை நிறுத்தினார்கள். அவள் கூவிய கூவலில், கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸும் கையுமாக எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவள் பேரே டவாலி. யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. "டவாலி, சாப்ட்டியா?", "டவாலி, உனக்கு எடம் போட்டு வெச்சிருக்கேன், வா" என்று பாசமாகத்தான். அவளும் சிரித்துக்கொண்டே போய் உட்காருவாள். வாசலில் நின்றபடி உள்ளே நடக்கிற வாதத்தைக் கேட்கும்போது மட்டும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. "ஐயோ, அதக் கேக்காம விட்டுட்டாளே" என்று வாய்க்குள் முனகுவாள். யார் காதில் விழும்?

மூன்றாம் வருஷம் மாதிரி விசாரணைக்கு மார்க் உண்டு. ஆளுக்கொரு வழக்கு என்று கௌதம் சார் பிரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர். ஹாஸ்டலில் சோறு குழைந்தால்கூட நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்பவர். கெம்பம்மாவிடம் வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீ கவலப்படாதம்மா. இங்கிலீஷ்ல வாதாடச் சொல்லி உன்னக் கஷ்டப்படுத்த மாட்டேன். நீ டவாலியாவே நின்னுக்க. பாஸ் மார்க் போட்டுடறேன்."

பதற்றத்தில் அவளுக்கு வீட்டுப் பாஷையான கன்னடம் முந்திக்கொண்டது. "பேடா சார்."

"என்னம்மா?"

"வேணாம் சார். மார்க் வேணாம். எனக்கு ஒரு கேஸ் குடுங்க."

பக்கத்தில் இருந்த இரம், "ஏய் கெம்பி!" என்று முழங்கையைக் கிள்ளினாள். இரம்தான் அவளுக்கு உயிர்த்தோழி.

"கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு எங்களக் கூட்டிட்டுப் போனீங்களே சார், அங்க சாட்சிய தமிழ்லதானே விசாரிச்சாங்க? நான் அந்த மாதிரி கோர்ட்டுக்குத்தான் போவப்போறேன். இங்க ஒரு தடவகூட வாயத் தொறக்காம அங்க போனா, வாசல்ல நின்னு கூவ மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

சார் காதைச் சொறிந்தார். "சரி, தமிழ்லயே பண்ணு. ஆனா சரியாப் பண்ணலன்னா ஃபெயில்தான். பாவம் பாக்க மாட்டேன்."

"பாக்காதீங்க சார்," என்றாள் கெம்பம்மா.

வழக்கு இதுதான். கம்பெனி ஆள் ஒருத்தன் குடும்பத்தோடு லைன் வீட்டில் குடியிருக்கிறான். காலி செய்ய வைக்க வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று வழக்குப் போட்டிருக்கிறான். குடியிருப்பவனுக்குக் கெம்பம்மா வக்கீல், துணைக்கு இரம். வீட்டுக்காரர் வேஷம் அயானுக்கு. அவர் பக்கத்து வக்கீல் சுப்ரியா. இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு, போன வருஷம் வாதப் போட்டியில் கோப்பை வாங்கியவள்.

விசாரணை நாள் வந்தது. கறுப்புக் கோட்டு போட்டுக் கெம்பம்மா உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். சார் நீதிபதி நாற்காலியில். எல்லாரும் தயார். வழக்குதான் ஆரம்பிக்கவில்லை.

"யாருப்பா கூப்பிடறது?" என்றார் சார்.

ஒருத்தரும் நிமிரவில்லை. ஒருத்திக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒருத்தனுக்கு ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது.

சுப்ரியா சிரித்தாள். "சார், டவாலியே வெளிய போய்க் கூப்பிட்டுட்டு, உள்ள வந்து வாதாடட்டுமே!"

எல்லாரும் சிரித்தார்கள். பழக்க தோஷத்தைப் பாருங்கள், கெம்பம்மாவும் சிரித்துக்கொண்டே எழுந்து வாசலைப் பார்த்து நடந்தேவிட்டாள்! இரம் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி. நீ வக்கீலு."

கௌதம் சார் அதைப் பார்த்தார். ரெண்டு வருஷமாக ஒருத்திக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கொடுத்த வேலை, இப்போது கேட்டால் எடுத்துக்கொள்ள ஆளில்லை. அவர் முகம் என்னமோ மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியை விட்டு இறங்கினார், வாசலுக்குப் போனார், மூன்று தரம் கூவினார். மூன்றாவது தரம் குரல் கீச்சென்று உடைந்தது. வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று சிரித்தார்கள். காது சிவக்கத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வாரத்துலருந்து முறை வெச்சு எல்லாரும் நிப்பீங்க. ம், ஆரம்பிங்க."

அயான் சாட்சிக் கூண்டில் ஏறினான். மோட்டார் கெட்டுப்போனதால்தான் தண்ணீர் வரவில்லை, தான் நிறுத்தவே இல்லை என்று அழகாக ஒப்பித்தான். குறுக்கு விசாரணைக்குக் கெம்பம்மா எழுந்தாள். எழுதி மனப்பாடம் செய்த முதல் கேள்வி மறந்தே போயிற்று. தண்ணீர் டம்ளருக்குக் கை போனது. கையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

"ஐயா, மோட்டார் கெட்டுப்போன அன்னிக்கு நீங்க குளிச்சீங்களா?"

"ஆங்?"

"குளிச்சீங்களான்னு கேட்டேன்."

அயானுக்கு இது பாடத்தில் இல்லை. "குளிக்காம எப்படி? டெய்லி குளிப்பேன்."

"துணி?"

"வீட்ல தொவச்சாங்க."

"உங்க வீட்டுக்கும் லைன் வீட்டுக்கும் ஒரே மோட்டார்தானே? ஒரே டேங்க்தானே?"

"ஆமா..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சுப்ரியா துள்ளி எழுந்தாள். அவசரத்தில் இங்கிலீஷ் வரவில்லை. அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் நெல்லைச் சீமையிலிருந்து வந்தபோது கூடவே வந்த பேச்சுதான் வந்தது. "சார், இதெல்லாம் கேக்கப்பிடாது! அவாளுக்கு மோட்டார் கெட்டுப்போச்சுன்னு சொல்லியாச்சுல்லா!"

வகுப்பே கொல்லென்றது. சுப்ரியாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. கெம்பம்மாவும் சிரித்தாள். ஆனால் அயான் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"கேக்கலாம்," என்றார் சார். "கேளும்மா."

அந்த நேரம் பார்த்து மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. பெஞ்சுகள் நகர்ந்தன, டிபன் பாக்ஸ் சத்தம் கேட்டது. விட்டால் போதும் என்று அயான் கூண்டிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தான்.

"உள்ள நில்லுங்க ஐயா," என்றாள் கெம்பம்மா. "நான் இன்னும் முடிக்கல."

அயான் காலைத் தூக்கி மறுபடி உள்ளே வைத்தான். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.