மலையிலிருந்து தெரிய வேண்டிய வீடு

மங்களம் பறங்கிமலை மேல் நின்று விரலை நீட்டி, "அதோ பாரு அக்கா, எங்க ஊடு!" என்று கத்தியது போன மாதம். அன்றிலிருந்து சரசாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மங்களம் வேறு யாருமில்லை, சரசாவின் கொழுந்தன் பெண்டாட்டிதான். பன்னிரண்டு வருடம் இருவரும் திருவேற்காட்டில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். இப்போது மங்களம் பக்கத்துத் தெருவில் பதினான்காவது மாடிக்குக் குடிபோய்விட்டாள். அந்தக் கட்டடத்தின் உச்சியில் நீல விளக்கு வரிசை உண்டு. இருட்டியபின் மலையிலிருந்து பார்த்தால், மினுக்குகிற ஊருக்கு நடுவே அது பளிச்சென்று தெரிந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "உங்க ஊடு எங்கக்கா கீது?" என்று கேட்டாளே, அதைத்தான் சரசாவால் பொறுக்க முடியவில்லை. எவ்வளவு தேடியும் தன் வீடு இருக்கவேண்டிய இடத்தில் இருட்டுதான் இருந்தது.

தெரியவில்லையென்றால் தெரிய வைத்துவிட்டுப் போகிறது! பூந்தமல்லி சவுண்ட் சர்வீஸ்காரர் உஸ்மான் கனியை வரவழைத்தாள். மொட்டை மாடியிலிருந்து வாசல் வரை சரம் சரமாகச் சீரியல் செட்டு விளக்கு போடச் சொன்னாள்.

"இன்னா விசேஷம்மா?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

சும்மா யாராவது சீரியல் செட்டு போடுவார்களா? திருஷ்டிக்குப் பயந்து மறைக்கிறார்கள் என்று உஸ்மான் கனி நினைத்துக்கொண்டார். போகும்போது தன் பங்குக்கு 'நல்வரவு' என்று எரியும் போர்டு ஒன்றையும் கேட்டில் கட்டினார். "விசேஷ ஊடுன்னா இது இல்லாம எப்படி? இதுக்குக் காசு வாணாம்மா."

சரசாவின் மகள் ரோஷினி தலையில் கை வைத்துக்கொண்டாள். நாலு வரனை வேண்டாமென்று தள்ளிய பெண், கோவில்பதாகை ஊர்ப் பையனுக்கு மட்டும்தான் சரி என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். "பாக்கறவங்க இன்னாம்மா நினைப்பாங்க?" என்றாள்.

"வாய மூடு. மலைக்குக் கிளம்பு."

அன்று வெள்ளிக்கிழமை. மங்களமே கார் ஓட்டி வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதும் சரசாவின் வயிற்றில் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

மலை உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. கீழே ஊர் முழுக்க விளக்குகள். மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கியது. சரசா அதைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கித் தேடினாள். நீல வரிசை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அவள் வீடு அந்தக் கட்டடத்துக்கு நேர் பின்னால் இருந்தது. அத்தனை விளக்கையும் மங்களத்தின் பதினான்கு மாடி மறைத்துக்கொண்டு நின்றது.

அப்போது போன் அடித்தது. பையனின் அம்மா பொன்னியம்மா. காற்றுச் சத்தத்தில் காதில் விழாதென்று சரசா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோயிலுக்கு வந்தேம்மா. அப்படியே உங்க தெருப்பக்கம் ஒரு நடை வந்தேன்." பெண் பார்க்க வருமுன் சத்தமில்லாமல் வந்து வீட்டை ஒரு நோட்டம் விடுவது நடப்பதுதானே. "சீரியல் செட்டு, நல்வரவு, எல்லாம் ஜோரா கீது. முனைக் கடையில கேட்டா பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்னு சொல்றாங்க. வேற இடத்துல முடிச்சிட்டா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எங்கள இன்னா கிள்ளுக்கீரைன்னு நினைச்சீங்களா?"

ரோஷினியின் முகம் வெளுத்துவிட்டது. ஏதாவது பொய் சொல்லலாமா என்று சரசா யோசித்தாள். வேண்டுதல், பிறந்தநாள் என்று. சொன்னால் அந்த அம்மா நம்பப்போவதில்லை. உண்மையைச் சொல்லலாம். ஆனால் மங்களம் ஒரு முழத் தூரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவள் முன்னால் சொல்வதற்கு இங்கிருந்து குதித்துவிடலாம் என்றிருந்தது.

"அம்மா..." என்றாள் ரோஷினி. அவ்வளவுதான் சொன்னாள்.

சரசா கண்ணை மூடிக்கொண்டாள். "நிச்சயமும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க. என் ஓரகத்தி ஊடு மலையிலேர்ந்து தெரியுது, என் ஊடு தெரியல. வயித்தெரிச்சல் தாங்காம போட்டுட்டேன். சாமி சத்தியமா அதாங்க."

மறுமுனையில் பொன்னியம்மா வெடித்துச் சிரித்தாள். "எனக்கும் ஒரு ஓரகத்தி கீறாம்மா. ஞாயித்துக்கிழமை அவளையும் இட்டுகினு வரேன். லைட்ட கழட்டிடாதீங்க, அவ பாக்கட்டும்."

ரோஷினி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மங்களம் மட்டும் ஒன்றும் பேசவில்லை. காரில் ஏறி, மலை இறங்கி, போரூர் தாண்டும்வரை பேசவில்லை. சரசாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. இனி இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

சிக்னலில் வண்டி நின்றபோது மங்களம் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்த நல்வரவு போர்டு எங்கக்கா புடிச்ச?"

"ஏன்டி?"

"சும்மாதான். எங்க அசோசியேஷன்ல பால்கனியில ஒரு பல்பு கூட தொங்கவுட மாட்டானுங்க." அவள் குரல் கொஞ்சம் கடுகடுத்தது.

சரசாவுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.