பத்து லட்சத்து ஒன்று

...மழை பெய்ததா, இல்லை தகரக் கூரையில் கேட்ட அந்தச் சத்தத்தைப் பிற்பாடு தானே சேர்த்துக்கொண்டாளா, வாயோலாவுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் எண் மட்டும் பிசகவில்லை, பத்து லட்சத்து ஒன்று, கேள்வித்தாளின் கடைசிக் கேள்வி, இது பகா எண்ணா. வாயோலா கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியிலேயே மூத்த ஆசிரியையான பேசிலி அத்தை தயாரித்த கேள்வி. ஆமாம் என்று எழுதியவர்களுக்கெல்லாம் மதிப்பெண், நூற்றொன்றால் வகுபடும் என்று எழுதிய வாயோலாவின் மாணவி ஒபெய்னாவுக்குச் சுழி, ஆக்லாந்தில் படிக்க இருந்த ஒரே இடம் அந்தச் சுழியால் அவள் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது, எல்லோர் முன்னாலும் முடிவை வாசிக்க மேடையில் அத்தை பெயர்ப் பட்டியலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அத்தை எப்படித் தவறினாள்? வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை, நூற்றுக்குள் இருபத்தைந்து பகா எண்கள், ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்திருப்பாள், தொண்ணூற்றேழு வரைக்கும், எல்லாவற்றிலும் மீதி வந்திருக்கும், அட்டவணை முடிந்த இடத்தில் தேடலும் முடிந்ததென்று நினைத்துவிட்டாள்... அடுத்த பகா எண்ணே நூற்றொன்று, இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் போதும், ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒரு தடவை, மீதியே இல்லை.

ஆனால் தோங்காத் தீவுகளில் அப்பாவின் அக்காவை யார் திருத்துவது? அப்பாவே அவள் முன்னால் குரல் உயர்த்தியதில்லை, வாயோலா என்ற பெயரே அத்தை வைத்தது, அவள் வைத்த பெயரைச் சுமந்துகொண்டு அவளையே தவறு என்பதா... எழுந்துவிட்டிருந்தாள் போல, பக்கத்து வகுப்பு ஆசிரியை லோசேலி அவள் மரியாதைக்காக இடுப்பில் சுற்றியிருந்த பாயைப் பிடித்து இழுத்தாள். “உக்காருடி. அவங்க செத்தா, தம்பி பொண்ணுங்கற முறைக்குக் கிழிஞ்ச பாயைச் சுத்திக்கிட்டு அடுப்படியில புகை தின்னப்போறவ நீ. உனக்கெதுக்கு இந்தக் கணக்கு?” “தின்னுட்டுப் போறேன். அதுக்காக நூத்தியொண்ணு பின்வாங்கிடுமா?” பின்வாங்காது, எண்ணுக்கு ஏது அத்தை, ஏது தம்பி மகள், தலை குனிந்தாலும் வகுபடும், நிமிர்ந்தாலும் வகுபடும், அப்புறம் எதற்குக் குனிவது?

“அத்தே, அது வகுபடும்.” “யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா?” “தெரியும் அத்தே. போட்டுப் பாருங்க.”

அத்தை கரும்பலகையில் போட்டுப் பார்த்தாள், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, நெடுநேரம். மீதி சுழி என்று எழுதினாள், பட்டியலை மடித்து மேசைமேல் வைத்தாள், வாயோலாவைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். அப்போதுதான் வாயோலாவுக்கு உறைத்தது... அத்தை செய்த இருபத்தைந்து வகுத்தலும் வீணில்லையே, பத்து லட்சத்து ஒன்றை வகுக்காத எண் அந்த ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றையும் வகுக்காது, அதுவோ நூற்றை நூற்றால் பெருக்கியதற்கும் குறைவு, நூற்றைத் தாண்டித் தேடவே வேண்டாம், ஆக ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று பகா எண், நிரூபித்தது அத்தை, தனக்கே தெரியாமல். அதை ஏன் அங்கேயே உரக்கச் சொல்லவில்லை? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது எதற்காக?

ஒபெய்னா ஆக்லாந்து போனாள், இப்போது அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். லோசேலி வவா தீவுக்கு மாற்றலாகிப் போனாள். அத்தை வேலையை விட்டுவிட்டு ஹாபை தீவில் மகனோடு இருக்கிறாள், வாயோலாவோடு பேசுவதில்லை. வாயோலா அதே பள்ளியில் கணக்குதான் சொல்லிக்கொடுக்கிறாள், இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.