மூடிய பக்கம் முன்னால்

அன்று முற்றத்தில் நானே பார்த்ததையும், பிறகு பல வருடங்களில் தோன்கா கொஞ்சம் கொஞ்சமாக எனக்குச் சொன்னதையும் எப்போதோ கலந்துவிட்டேன். இப்போது பிரிக்க முடியவில்லை. லாசர் முதல் அடியை அடித்தது பாதிரியார் வருவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு பதில் சொல்வேன். ஒன்று மட்டும் உறுதி. செயின் சுத்தமாக இருந்தது. ஒரு கண்ணியில்கூட அழுக்கில்லை.

தோன்கா சமையலறை ஜன்னலருகே நின்று, சாவுக்கு வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் அக்ரூட் பருப்பும் கலந்துகொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவள் கணவன் ருமென் பெட்டிக்குள் கிடந்தான். எங்கள் ஊரில் பெட்டியைத் திறந்துதான் வைப்போம். இதைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் யாரும் அவனைக் கழுவவில்லை. கோட்டு மாட்டிவிடவில்லை.

ருமெனின் அப்பா லாசர் காலையிலிருந்து திராட்சைப் பந்தலுக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, மகனுடைய மோட்டார் சைக்கிளின் செயினைக் கழுவிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்கள் முந்தின நாள்தான் வண்டியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஒரு தகர டப்பாவில் டீசல். பழைய பல் துலக்கும் பிரஷ். ஒரு கண்ணியை முக்குவார், நான்கு பக்கமும் தேய்ப்பார், துணியால் துடைப்பார், வளைத்துப் பார்ப்பார், அடுத்ததற்குப் போவார். முப்பது வருடம் கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய கைகள். வந்தவர்கள் அவரிடம் போய், "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று வழக்கப்படி சொன்னார்கள். அவர் நிமிரவில்லை.

தோன்காவுக்கு அவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்திருந்தது. கரண்டி அவள் கையில் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இதே பந்தலின் கீழேதான் ருமெனும் அவன் தம்பி வெல்கோவும் செயினைக் கழற்றினார்கள். வெல்கோ சாலையோரத்தில் சின்னதாக ஒரு மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். டீசலில் கழுவி, பென்சில் கரி கலந்த கொழுப்பை ஒரு டப்பாவில் உருக்கி, அதில் செயினை முக்கி எடுத்து, பந்தல் கொக்கியில் தொங்கவிட்டு வடியவிட்டார்கள். அது கிழவர் லாசர் பாலாடைக்கட்டி போட்டு வைக்கும் டப்பா. மத்தியானம் லாசர் வெளியே வந்தபோது வெல்கோ சக்கரத்தின் அருகே குனிந்து லாக்கை மாட்டிக்கொண்டிருந்தான். செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் கண்ணிதான் லாக். அதன் மேல் மீன் மாதிரி ஒரு சின்ன கிளிப் உட்காரும். மீனின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசைக்கு இருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் எங்காவது தட்டிக் கழன்றுவிடும்.

"என் டப்பாலயாடா கொழுப்பு காய்ச்சுனீங்க, நாய்ங்களா!"

உள்ளங்கையை விரித்து வெல்கோவின் பிடரியில் ஒரு அடி. வெல்கோவுக்கு வயது முப்பத்தெட்டு. அவன் நெற்றி சக்கரத்தில் மோதியது. குறடு நழுவி கிளிப் மண்ணில் விழுந்தது. தேடி எடுத்து, துடைத்து, மாட்டிவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான். தோன்கா இதே ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை வெல்கோ தோன்காவுக்குப் போன் செய்தான்.

"அண்ணி, அண்ணன் போன எடுக்கல. கிளம்பிட்டானா?"

"வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. ஏன்?"

"அன்னிக்கு அப்பா கத்துன கத்துல அந்த கிளிப்ப எந்தப் பக்கமா மாட்டுனேன்னு ஞாபகமே வரல. தூக்கம் வரல அண்ணி. மூடுன பக்கம் முன்னாடி இருக்கான்னு பாத்துட்டு எடுக்கச் சொல்லு."

அவள் செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினாள். ருமென் ஹெல்மெட் மாட்டி கேட்டுக்கு வெளியே நின்றான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"கிளிப்ப பாத்தீங்களா? வெல்கோ கேக்குறான்! கிளிப்பு!"

ஹெல்மெட் மேலும் கீழும் அசைந்தது. வண்டி போய்விட்டது.

எங்களிடம் தலை மேலே போனால் இல்லை. பக்கவாட்டில் ஆடினால் ஆமாம். ஜெர்மனிக்காரர்களுக்கு மேலும் கீழும் போனால்தான் ஆமாம். ருமென் பதினைந்து வருடம் அங்கே கறி வெட்டும் ஆலையில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பினான். சாராயக் கடையில் இன்னொரு கிளாஸ் வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவான். "இது எந்த ஊரு தலடா, நம்ம ஊரா ஜெர்மனியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவோம். அவனும் சிரிப்பான்.

எந்த ஊர்த் தலை என்று தோன்கா அன்று கேட்கவில்லை. பார்த்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வெல்கோவுக்கும் அப்படியே சொன்னாள். பதினொரு நிமிடம் கழித்து கல்குவாரி வளைவில் செயின் கழன்று பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சக்கரம் பூட்டிக்கொள்ள, வண்டி எதிரே வந்த ஜல்லி லாரிக்கு அடியில் சறுக்கிப் போனது.

இப்போது முற்றத்தில் லாசர் முக்காலியிலிருந்து எழுந்தார். செயினை ஒரு முறை உதறினார். டீசல் துளிகள் சுவரில் தெறித்தன.

"வெல்கோ. இங்க வா."

வெல்கோ கேட்டில் அண்ணனின் படம் போட்ட சாவு அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தான். பசை பிரஷ்ஷோடு வந்தான்.

"வளைச்சுப் பாரு. எங்கயாவது இறுகியிருக்கா?"

"இல்லப்பா."

"துரு?"

"இல்ல."

"தேஞ்சிருக்கா?"

"இல்லப்பா. நல்ல செயின்."

"நல்ல செயின் தானா கழலுமா?"

வெல்கோ கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தான்.

"கிளிப்ப எவன் மாட்டுனான்?"

"நான்தான்."

செயின் அவன் தோளில் விழுந்தது. சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, ஈரத்துணியை அடித்துத் துவைப்பது போல. இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது. காதின் மேல்புறம் கிழிந்து, வெள்ளைச் சட்டைக் காலரில் ரத்தம் இறங்கியது. மூன்றாவதில் முழங்காலிட்டான். கைகளைத் தூக்கவில்லை. சின்ன வயதிலும் அவன் தூக்கியதில்லை. அப்போதும் கிழவர் டிராக்டர் செயினால்தான் அடிப்பார். ருமென்தான் ஓடுவான், வேலி ஏறி எங்கள் வீட்டுப் பக்கம் குதிப்பான். வெல்கோ நின்று வாங்கிக்கொள்வான்.

பெட்டி தூக்க வந்திருந்த நாங்கள் நான்கு பேரும் இருந்தோம். நான் கிழவரின் இடுப்பைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். ஒரு பல் ஆடியது.

"நீ பொட்டி தூக்கத்தானே வந்த? பொட்டியத் தூக்கு. என் புள்ளைய நான் பாத்துக்குறேன்!"

"லாசர், வீட்டுக்குள்ள பொணம் இருக்கு" என்றார் பாதிரியார். படியில்தான் நின்றார், இறங்கவில்லை.

"ரெண்டு கெடக்கட்டும்!" மறுபடி அடித்தார். "மாட்டுனப்புறம் பாத்தியாடா? எந்தப் பக்கம்னு பாத்தியா?"

வெல்கோ தலையை மேலே தூக்கினான். இல்லை.

முதுகில் அடி. சட்டை கிழிந்தது.

"சந்தேகம் இருந்துச்சா? வாயத் தொற. இருந்துச்சா?"

வெல்கோவின் தலை மெதுவாகப் பக்கவாட்டில் ஆடியது. இருந்தது.

"இருந்தும் விட்டியா! யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

வெல்கோவின் கண்கள் ஜன்னலுக்குப் போயின. தோன்கா அங்கே நிற்பது அவனுக்குத் தெரிந்தது. ஒரு கணம்தான். உடனே தரையைப் பார்த்தான். பிறகு தலையை மேலே தூக்கினான், நன்றாக, எல்லோரும் பார்க்கும்படி. இல்லை.

கிழவர் செயினை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டார். தொங்கிய முனை குட்டையானது. இனி அது தலையில்தான் விழும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அப்போதும் யாரும் நகரவில்லை. வெட்கப்பட வேண்டியது இதற்குத்தான்.

தோன்கா கரண்டியோடு வெளியே வந்தாள். கோதுமை ஒன்றிரண்டு கரண்டியில் ஒட்டியிருந்தது.

"பொய் சொல்றான் மாமா."

கிழவர் திரும்பினார்.

"சொன்னான். எங்கிட்ட சொன்னான். செவ்வாக்கிழம காலைல போன் பண்ணான். பாத்துட்டு எடுக்கச் சொல்லுன்னு சொன்னான்."

"அண்ணி, உள்ள போ" என்றான் வெல்கோ. பல்லில் ரத்தம்.

"நீ அவன்கிட்ட சொன்னியா?" என்று கிழவர் அவளைக் கேட்டார்.

"ஓடிப்போய்க் கேட்டேன். பாத்தீங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சொல்லல. ஹெல்மெட்டோட தலைய ஆட்டுனாரு."

"எப்படி ஆட்டுனான்?"

தோன்கா செய்து காட்டினாள். மேலே, கீழே. முற்றத்தில் நின்ற முப்பது பேரும் பார்த்தோம். கிணற்றடியில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்ப இல்லன்னுதானடி சொல்லியிருக்கான்!" கிழவரின் குரல் உடைந்தது. "பாக்கலன்னு சொல்லியிருக்கான்! கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?"

"பதினஞ்சு வருஷம் ஜெர்மனில இருந்தாரு மாமா. ஆமாங்கிறாருன்னு நெனச்சேன்." கரண்டியைக் கீழே இறக்கினாள். "இன்னும் தெரியல. எந்தத் தலைன்னு இன்னும் தெரியல."

லாசர் அவளை நோக்கி வந்தார். அவள் பின்னால் போகவில்லை. செயின் மேலே போனது. அது இறங்கும்போது நடுவில் வெல்கோவின் கை இருந்தது. எழுந்ததை நான் பார்க்கவில்லை. வெறுங்கையால் பிடித்தான். கிழவர் இழுத்தார், அவன் விடவில்லை. கண்ணிகள் அவன் விரல்களுக்கு நடுவே ஓடின. இரண்டு விரல்களின் சதை எலும்பு தெரியப் பிளந்தது. அவன் கத்தவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அப்பாவின் கையில் இருந்ததைப் பிடித்திருந்தான். அதைப் பார்த்து அவனே ஆச்சரியப்பட்டது போல இருந்தது.

"ஞாயித்துக்கிழம" என்றான் வெல்கோ, மூச்சு வாங்க. "நீங்க டப்பாவுக்குக் கத்துனீங்களே அப்பா. அப்பத்தான் கிளிப்பு கையில இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். அடித்ததைச் சொல்லவில்லை.

கிழவர் செயினை விட்டார். அது மண்ணில் விழுந்தது. தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகளில் கொழுப்பு கறுப்பாக இறங்கியிருந்தது. காற்சட்டையில் துடைத்தார். போகவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, கையை டீசல் டப்பாவுக்குள் விட்டு, பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார். நான்கு பக்கமும். துணியால் துடைத்தார், பார்த்தார், மறுபடி முக்கினார்.

தோன்கா மேஜைத் துணி ஒன்றைக் கிழித்து வெல்கோவின் விரல்களைச் சுற்றினாள். பாதிரியார் மணி பார்த்தார். இரண்டு.

நாங்கள் பெட்டியைத் தூக்கினோம். வீட்டு வாசலைத் தாண்டும்போது வழக்கப்படி ஒரு பெண் மண்பானையைப் போட்டு உடைத்தாள். அந்தச் சத்தத்துக்கு வெல்கோ தலையைக் குனிந்துகொண்டான். பெட்டிக்கு முன்வலது மூலையை அவன்தான் பிடித்தான், கட்டுப்போட்ட கையால். கல்லறைவரைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. லாசர் பின்னால் வந்தார். அவரிடமிருந்து டீசல் வாடை வந்தது. குழியில் எல்லோரும் திராட்சை மது ஊற்றி, கோதுமையைக் கையில் வாங்கி, "கடவுள் மன்னிக்கட்டும்" என்றோம். யாரை என்று யாரும் சொல்லவில்லை.

லாசர் அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். யாரையும் அடிக்கவில்லை. யாரோடும் அதிகம் பேசவுமில்லை. ஒரு பிப்ரவரியில் சளிக்காய்ச்சலில் செத்தார். அவரைக் குளிப்பாட்டியது வெல்கோதான். வெல்கோவின் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. கடையை மூடிவிட்டு வ்ராட்சா நகரத்துப் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறான். லாரி ஓட்டியவர் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எனக்கு ஆடிய பல் விழுந்துவிட்டது.

தோன்கா அதே வீட்டில் இருக்கிறாள். அவள் தலையசைத்து யாரும் பார்த்ததில்லை. ரொட்டிக் கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, "வேணும்" என்பாள், அல்லது "வேணாம்" என்பாள்.

செயினை யாரோ மண்ணிலிருந்து எடுத்துப் பந்தல் கொக்கியில் மாட்டினார்கள். கொழுப்பு போடாததால் முதல் மழையிலேயே துருப்பிடித்துவிட்டது.