பவுல்ராஜ் எண்ணெய்

2019 ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை, மூன்றாம் பாடவேளையில், திண்டுக்கல்லில் ஒரு கலைக்கல்லூரியின் பதினாலாம் எண் அறைக்குள் மத்தியதரைக் கடல் வந்து கணுக்கால் அளவுக்கு நின்றது. மணி அடித்ததும் வடிந்தது. தரையில் படிந்த உப்பைப் பெருக்கிய செபாஸ்தியம்மாள், “குடிக்கிற தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருது, இது மட்டும் வாராவாரம் வரும்போல” என்றார். அவர் சொன்னபடியே திங்கள்தோறும் வந்தது.

வரவழைத்தது ஒரு கேள்வி. பேகம்பூர் தோல் ஷாப்பில் தோல் ஊறவைப்பவரின் மகளான கௌரவ விரிவுரையாளர் ஜெய்தூன் பீவி, ரோமாபுரியைப் பேரரசர்களிலிருந்து தொடங்க மறுத்தார். உப்பிட்ட ஆட்டுத்தோலை மேசையில் விரித்து, மண்ணுக்கடியில் கிடைத்த ஈராயிரம் ஆண்டுச் செருப்பின் படத்தைப் பக்கத்தில் வைத்து, “இம்புட்டு நாத்தத்தையும் தாங்கிக்கிட்டு இதைச் செஞ்சது யாரு?” என்று கேட்பார். மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தையலை எண்ணத் தொடங்கும்போது தண்ணீர் ஏறும். ஊரடங்கின்போது செல்போனில் பாடம் நடந்ததால் பல செல்போன்கள் நனைந்து கெட்டன. ‘ஜெய்தூன் கேட்டது, மாணவர் சொன்னது’ என்று தேதி போட்டு ஐந்தாண்டு வகுப்புகளையும் அவர் எழுதிவைத்தார். அது நூலானால் வேலை நிரந்தரமாகும் என்றார் துறைத்தலைவர் பவுல்ராஜ். “சார்னு கூப்பிடாத தங்கச்சி, அண்ணேன்னு கூப்டு. அனுப்பி வையி, நான் பாத்துக்கறேன்.” ஜெய்தூன் அனுப்பிவைத்தார்.

2024இல் நூல் வந்தது, பவுல்ராஜ் பெயரில். ஜெய்தூன் என்று இருந்த நூற்றுப்பன்னிரண்டு இடங்களிலும் தன் பெயரைக் கணினியில் ஒரே தட்டில் மாற்றியிருந்தார். ஆனால் ஜெய்தூன் வீட்டில் ஆலிவுக்கும் ஜெய்தூன் என்றுதான் பெயர். எழுதும்போதும் அப்படியே எழுதியிருந்தார். ஆகவே கிரேக்க மலைச்சரிவுகளில் பவுல்ராஜ் மரங்கள் காய்த்தன, ரோமானியர் பவுல்ராஜ் எண்ணெயில் விளக்கேற்றினர், மல்லர்கள் உடம்பெல்லாம் பவுல்ராஜ் பூசிக்கொண்டனர். நூலைப் பாடமாக்கிய குழுவில் ஏழு பேர் கையெழுத்திட்டனர். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. மறுவருடம் விடைத்தாள் திருத்த உட்கார்ந்த ஜெய்தூன், ‘பவுல்ராஜ் எண்ணெய்’ என்று எழுதிய அறுபது பேருக்கும் விடைக்குறிப்பின்படி இரண்டிரண்டு மதிப்பெண் போட்டார். அந்த மாதத்தோடு அவருக்கு வேலை இல்லை என்று கடிதம் வந்தது. கீழே பவுல்ராஜ் கையெழுத்து.

அடுத்து வந்த திங்களன்று பவுல்ராஜ் அதே கேள்வியைப் பதினாலாம் அறையில் கேட்டார். தரை காய்ந்தே கிடந்தது. கடல் பேகம்பூரில் ஜெய்தூன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. மூன்று வாரம் பார்த்துவிட்டுப் பவுல்ராஜே வந்தார், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு.

“தெரியாம நடந்துபோச்சு தங்கச்சி.”

“நூத்திப்பன்னெண்டு எடத்துலயுமா அண்ணே?”

அவர் தண்ணீரில் இறங்கினார். தெரு முழுக்கக் கணுக்கால் தண்ணீரில் நடந்து போனார். கால் நனையவில்லை.

இப்போது அந்தத் தெருவில் திங்கட்கிழமை பதினொன்றரைக்குள் வண்டிகளை மேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். தோல் ஷாப் முதலாளி ஃபாரிஸ் உப்பு வாங்குவதை நிறுத்தி எட்டு மாதமாகிறது.