பங்களா முற்றத்தில் அறுகு

தீர்த்தகிரி காலையில் எழுந்ததும் முதலில் செய்வது, செருப்பில்லாமல் பங்களா முற்றத்தை ஒருமுறை சுற்றி வருவதுதான். புதூர்நாடு என்ற மலையூருக்கு மேலே, அரசாங்க விருந்தினர் தங்கும் அந்தப் பங்களாவில் அவர் பதினோரு ஆண்டுகளாகத் தோட்டக்காரர். குதிகாலை மண்ணில் அழுத்திப் பார்ப்பார். மண் ஒட்டினால் அன்று தண்ணீர் இல்லை. பொடியாக உதிர்ந்தால் குடத்தை எடுப்பார். காய்ச்சல் நாளிலும் இந்தச் சுற்று நின்றதில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் அந்த முற்றம் பாழாகிக் கிடந்தது. பெங்களூரிலிருந்து ஜீப்பில் வந்த சீமைப்புல், நாளுக்கு மூன்று வேளை தண்ணீர் கேட்டது. பங்குனியில் கிணறு வற்றியதும் வைக்கோல் நிறமாகி, பாய்போலக் கையோடு உரிந்து வந்தது. புல்லுக்கு வாய் இருந்திருந்தால், "என்னை ஏன் இந்தச் சரளை மண்ணுக்கு அழைத்து வந்தீர்கள்?" என்று அது கேட்டிருக்கும். வேலியோரம் கிடந்த அறுகோ, "என்னை யாரும் அழைக்கவே இல்லை; ஆனாலும் இருக்கிறேன்" என்று பதில் சொல்லியிருக்கும்.

பங்களா வேலைகளை மேற்பார்க்கும் மேஸ்திரி பஞ்சாட்சரம் கண்ணமங்கலத்துக்காரர். கையிலிருந்த கடிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"தீவாளி கழிச்சுப் பெரிய இன்ஜினீயர் வர்றாரு. முத்தம் பச்சையா இல்லன்னா வேலூர்லேர்ந்து வேற ஆளு வந்துடுவான். நான் இன்னா பண்றது, சொல்லு."

"பச்சையா இருக்கும்ங்க. ஆனா அறுகுதான் போடுவேன்."

"புள்ளையாருக்குச் சாத்தறதையா?" மேஸ்திரி சிரித்துவிட்டார். "போட்டுக்கோ. போறது உன் வேலை, என்னுது இல்ல."

ஆனி மாதம் முழுவதும் தீர்த்தகிரி முற்றத்தை ஒரு சாண் ஆழம் கொத்தினார். சரளையைச் சலித்து எடுத்தார். காய்ந்த ஆட்டுப்புழுக்கையும் ஏரி வண்டலும் கலந்து பரப்பி, மழைநீர் தேங்காதபடி ஒரு பக்கம் லேசாகச் சரித்தார். இனி வேண்டியது அறுகின் கொடிவேர். அது மண்டிக் கிடந்தது, பங்களாவுக்குப் பக்கத்தில் பயிர் செய்யும் பெரியம்மாளின் சாமைக் கொல்லையில்தான்.

மலையில் பயிர் செய்கிறவர்களுக்கு அறுகைப்போல் விரோதி வேறில்லை. அதைப் போய் வளர்க்கிறேன் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. "வாச்மேன் மாட்டுக்கு, அக்கா" என்று பெரியம்மாளிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவர் கொல்லையில் குனிந்து வேரோடு பறித்தார். இரண்டு கணுவுக்கு ஒரு துண்டாக நறுக்கி, நான்கு விரற்கடை இடைவெளியில் ஊன்றி, காலால் மிதித்து நீர் தெளித்தார். பன்னிரண்டாம் நாள் ஊசிமுனைபோலத் துளிர்கள் தெரிந்தன. நிம்மதியோடு, புது அரிவாள் வாங்கச் செங்கத்துக்கு இறங்கினார்.

மறுநாள் மாலை திரும்பியபோது முற்றம் வெறும் மண்ணாக இருந்தது. கிணற்றடியில் பெரியம்மாளும் அவர் நாத்தனார் ரத்தினம்மாளும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா தம்பி? ரெண்டு நாளு என் கொல்லைல களை புடுங்கின இல்ல, அந்த மாத்தாளு இன்னையோட தீந்துச்சு. ஒரு வேரு உடல. இனிமே நீ கேவுரு போட்டாலும் வெளையும்."

இன்று நீ என் கொல்லையில், நாளை நான் உன் கொல்லையில் என்று உழைப்புக்கு உழைப்பாகத் திருப்புவது அந்த மலையின் வழக்கம். அதைப் பாக்கி வைப்பது அவர்களுக்குக் கேவலம். பறித்த வேர்களெல்லாம் பாறைமேல் சுருண்டு காய்ந்திருந்தன.

"கண்ணு அவிஞ்சா பூட்ச்சு உனக்கு? என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே. இனிமே பங்களா பக்கம் கால வைக்காத" என்று கத்தினார் தீர்த்தகிரி.

மேஸ்திரி பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். "மாட்டுக்குன்னுதானே சொன்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனார்.

தீர்த்தகிரி மறுநாளே தொடங்கினார். இரண்டு மைல் நடந்து ஓடைக்கரையில் அறுகைத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் சுமந்தார். இப்படி ஒன்பது நாள். மறுபடி நறுக்கினார், மறுபடி ஊன்றினார். முதல் பதினைந்து நாள் இரு வேளையும் தண்ணீர். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். அதன்பின் நான்கு நாளுக்கு ஒருமுறை. மேலே காய்ந்தால்தான் வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும். அறுக்கும்போது ஒரு விரல் உயரத்துக்குக் குறையாமல் விட்டார். இடையில் முளைத்த கோரையைப் பிடுங்கும்போதெல்லாம் பெரியம்மாள் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. பதில் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

தீபாவளிக்குப் பிறகு இன்ஜினீயர் வந்தார். முற்றத்தின் நடுவே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். "இது எந்த ஊர்ப் புல்லு?" என்றார்.

"இந்த ஊருதாங்க" என்றார் தீர்த்தகிரி.

ஜீப் இறங்கிப் போனதும் மேஸ்திரி அந்தக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். "வேலூர்க்காரன் அங்கியே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை தீர்த்தகிரி அரிவாளோடு சாமைக் கொல்லைக்குப் போனார். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பெரியம்மாளும் ரத்தினம்மாளும் மற்றப் பெண்களோடு குனிந்திருந்தார்கள்.

"அக்கா, மாட்டுக்குன்னு நான் சொன்னது பொய்யி. அறுகு வளக்கறேன்னா சிரிப்பீங்கன்னு மறைச்சேன். நீ மொறையாத்தான் செஞ்ச. தப்பு என்னுது. மத்தவங்க எதிர்ல உன்னப் பேசினதும் தப்பு."

"இப்ப சொன்னாலும் சிரிப்போம்" என்றார் ரத்தினம்மாள்.

பெரியம்மாள் நிமிரவில்லை. "நீ இன்னிக்கு அறுத்தா, மாத்துக்கு நான் வரணும். அந்த பங்களா பக்கம் எனக்கு வர இஷ்டமில்ல."

"மாத்து வேணாம்கா. அறுப்பு முடியற வரைக்கும் தினமும் வர்றேன்."

பெரியம்மாள் அறுத்த பிடியைக் கட்டில் வைத்தார். பிறகு சரிவின் மேல்கோடியில், பாறை இடுக்கில் கதிர் சாய்ந்து கிடந்த பகுதியை மோவாயால் காட்டினார். யாரும் எடுத்துக்கொள்ள விரும்பாத பகுதி அது. தீர்த்தகிரி அங்கே ஏறிப்போய்க் குனிந்தார்.