அக்கா பொறுத்த மாதிரி

கேக்கின் மேல் பெயர் எழுதும்போது எறும்பு மூச்சு விடமாட்டாள். முதல் எழுத்தில் அடக்கிய மூச்சைக் கடைசிப் புள்ளியில்தான் விடுவாள். விட்டால் கோடு நெளிந்துவிடும். சர்க்கரை இருக்கிற இடத்திலேயே கிடக்கிறவள் என்று அவளுக்கு எறும்பு எனப் பெயர் வைத்தது அக்கா. அக்கா போய் ஒரு வருடம் ஆகியும் பெயர் மட்டும் பேக்கரியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று ஒரு குழந்தையின் பெயரைப் பாதி எழுதியிருந்தாள். ஈரத்துணியைப் பிழிவதுபோல் அடிவயிறு முறுக்கியது. மாதாமாதம் வருகிற வலிதான். பல்லைக் கடித்தாள், தொடைகளை இறுக்கினாள், மீதிப் பெயரையும் எழுதி முடித்தாள்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடடி, போயிடும்." வயதுக்கு வந்த புதிதில் அக்கா சொல்லிக்கொடுத்தது அது. இருவரும் ஒரே கட்டிலில் முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்து, யார் முனகாமல் இருக்கிறார்கள் என்று பந்தயம் வைப்பார்கள். எப்போதும் அக்காதான் ஜெயிப்பாள்.

அப்படி ஜெயித்து ஜெயித்தே போய்ச் சேர்ந்துவிட்டாள். "வெறும் வலிதானே" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். வலி நாள் கணக்கு மறந்து மாதம் முழுக்க வரத் தொடங்கியபோதும் அதையேதான் சொன்னாள். சினைப்பையில் கட்டி என்று தெரிந்தபோது காரியம் கை மீறியிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'வெறும்' என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை.

எறும்பின் வலியும் அந்த வருடத்தில்தான் கூடிக்கொண்டே போனது. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார், ரத்தம் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். எறும்பு நம்பவில்லை. இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, "இடுப்புக்கு அடியில இருக்கிற தசை இறுகிக் கிடக்குன்னு நினைக்கிறேன். அதுக்குன்னே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்காங்க, போய்ப் பாருங்க" என்று அனுப்பினார். மெஷின் விட்டதைக் கை கண்டுபிடித்துவிடுமோ என்று அவள் அப்போதே பயந்தாள்.

அக்கா புருஷன்தான் காரில் கூட்டிப்போனார்.

"அங்க பூரா பொம்பளைங்களா இருப்பாங்க அத்தான். நீங்க கார்லயே இருங்க."

"பரவால்ல. ஒரு ஓரமா உக்காந்து புத்தகம் படிக்கிறேன்."

"அங்க கிடக்கிறதெல்லாம் பிரசவப் புத்தகம்."

"படிச்சு வைக்கிறேன். யாருக்காவது ஆகும்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "போன தடவை, உங்கக்காவைக் காட்டப் போனப்ப, கார்லதான் இருந்தேன், எறும்பு."

இறங்கி, அவர் காரைப் பூட்டிவிட்டு வரும்வரை நின்றாள்.

பிசியோ அம்மாள் குள்ளமாக, பருமனாக இருந்தார், நடக்கும்போது செருப்பு சத்தம் போட்டது. பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதன் அடியில் தொட்டில்போல் தொங்கும் சிவப்புத் தசையைக் காட்டினார். எறும்புக்கு அது அக்காவின் எலும்பாகத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வலிக்கு என்ன பண்றீங்க?"

"மாத்திரை. அப்புறம், போன்ல ஒரு பயிற்சி பார்த்தேன் மேடம். கீழ இறுக்கி இறுக்கிப் பிடிக்கணும். காலையில, ராத்திரி, வேலை நேரத்துலகூட செய்றேன். பலம் வரும்னு."

"நல்ல பயிற்சிதான், தளர்ந்து போனவங்களுக்கு. உங்களுக்கு எப்படின்னு பார்ப்போம். வேலையில எப்படி நிப்பீங்க? அதைக் காட்டுங்க."

ஒரு பேனாவும் தாளும் கொடுத்தார். எறும்பு குனிந்து, மனதில் வந்த ஒரு பெயரை எழுதினாள். பிசியோ அம்மாளின் கை அவள் அடிவயிற்றில் இருந்தது.

"மூச்சு எங்கம்மா? அடகு வச்சிட்டீங்களா?"

எறும்பு நிமிர்ந்தாள்.

"வயிறு பலகை மாதிரி இருக்கு. பல்லைக் கடிக்கிறீங்க. வாய் இறுகினா கீழயும் இறுகும். ஏற்கெனவே மூடின முஷ்டி, அதைப் போய் இன்னும் மூடப் பழகியிருக்கீங்க."

பிறகு திரையை இழுத்தார். கையுறை போட்ட ஒரு விரலால் உள்ளே தசையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். "வேணாம்னா வேணாம். நடுவுல நிறுத்துங்கன்னா அந்த நொடியே நிறுத்திடுவேன். இன்னைக்கே பார்க்கணும்னும் இல்ல."

அறைக்கு வெளியே அத்தான் புத்தகம் புரட்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் இன்று இரவும் நாளை இரவும் இதே பயத்தோடுதான் படுக்க வேண்டும்.

"பாருங்க" என்றாள்.

விரல் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. இடப்பக்கம் வந்தது. ஓர் இடத்தில் நின்றது. கோலிக்குண்டுபோல் ஒன்று. அதே வலி, அச்சாக அதே வலி, உயிரை உலுக்கியது.

"அதான்! அதான் மேடம், கட்டி! எங்கக்காவுக்கும்..." கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்தாள்.

"நிறுத்தட்டுமா?"

"நிறுத்த வேணாம்" என்றாள்.

"அப்ப என்னைப் பாருங்க. வாயைத் திறங்க, தூங்குற குழந்தை மாதிரி. மூச்சை மெதுவா வெளிய விடுங்க. நான் அழுத்த மாட்டேன். சும்மா தொட்டுக்கிட்டு இருக்கேன்."

பல் திறக்க மறுத்தது. திறந்தால் முனகல் வரும், பந்தயத்தில் தோற்றுவிடுவாள். ஜெயித்தவள் மண்ணுக்குள் கிடந்தாள். எறும்பு வாயைத் திறந்தாள். முனகல்தான் வந்தது, நீளமாக, வெட்கமில்லாமல். கூடவே மூச்சும் வந்தது. இன்னொரு மூச்சு. இன்னொன்று. விரலுக்கு அடியில் அந்தக் குண்டு வெயிலில் வைத்த வெண்ணெய்போல் இளகியது. வலி ஒரு படி இறங்கியது.

"கட்டி மூச்சு விட்டா இளகுமா சொல்லுங்க?" என்றார் பிசியோ அம்மாள். "இது தசைம்மா. பயத்துல சுருண்டு கிடக்கு."

எறும்பு அழுதாள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். அந்த இறுக்கும் பயிற்சியை நிறுத்தச் சொன்னார். முழங்கால்களை அகற்றிப் படுத்து, வயிறு உப்ப மூச்சிழுத்து, கீழே பூ விரிவதாக நினைத்து விடச் சொன்னார். வெந்நீர்ப் பை வைக்கச் சொன்னார். "ஒரே நாள்ல போகாது, வாரா வாரம் வாங்க. ஆனா ஒண்ணு. வலி நாள் தவறி வந்தாலோ, தன்மை மாறினாலோ என்கிட்ட வராதீங்க. நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க. பொறுத்துக்கிட்டு மட்டும் இருக்காதீங்க."

சில வாரங்கள் கழித்து, பேக்கரியில் கை நிறைய வேலை இருக்கும்போது, நாள் தவறாமல் மறுபடி வயிறு முறுக்கியது. அந்தக் கணத்தில் கற்றதெல்லாம் பறந்தது. கட்டி, கட்டி என்று காதுக்குள் அடித்தது. பல் தானாகக் கடித்துக்கொண்டது. க்ரீம் பையைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்து நின்றாள்.

"ஈ போயிடும், எறும்பு" என்றார் அடுப்படி அண்ணன்.

"போகட்டும்ணே. எறும்புக்கு ஈ சொந்தந்தானே."

மூச்சை விட்டபடியே எழுதினாள். 'ழ' நெளிந்தது. வலி வந்தது, கனத்தது, உட்கார்ந்து பார்த்தது, பிறகு மெல்லத் தளர்ந்தது.

மதியம் அத்தானுக்குப் போன் செய்தாள். மணி அடித்ததும் எடுத்தார்.

"என்ன? வலியா?"

"ஆமா அத்தான். வந்துச்சு."

சொல்லலாமா என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு வருடமாக யாரும் தொடாத சொல்.

"வெறும் வலி" என்றாள்.

அவர் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவது போனில் கேட்டது.